நாலில் ஒண்ணு சொல்லு!

எல்லாம் ஆபீஸ் கேன்டீனில் ஆரம்பித்தது.

2025 மார்ச்சில் இளையராஜா லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றினார் அல்லவா? அந்த வாரம் முழுக்க எங்கள் கேன்டீனில் வடைக்குச் சட்னியே அந்தப் பேச்சுதான். சிம்பொனி என்றால் என்ன என்று தெரிந்தவர்கள், தெரியாதவர்கள், தெரிந்த மாதிரி பேசுகிறவர்கள் என்று மூன்று கட்சி. நான் மூன்றாவது கட்சியின் மாவட்டச் செயலாளர்.

"சிம்பொனின்னா நூறு வயலின் மச்சான்!" என்று நான் ஒருவனுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்து டேபிளில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த எங்கள் சூப்பரின்டெண்டென்ட் தலையைத் தூக்கினார். ஃபைல் தவிர வேறெதுவும் பேசாத மனிதர். முப்பத்தாறு வருஷ சர்வீஸில் அவர் சிரித்ததாக ரெக்கார்டு கிடையாது.

"பிராம்ஸ் கேட்டிருக்கியா?" என்றார்.

"எந்த செக்ஷன் ஸார்?"

சிரித்துவிட்டார்! ரெக்கார்டு போச்சு.

அன்று சாயங்காலம் கூப்பிட்டனுப்பினார். "மே மாசத்தோட நான் ரிடையர் ஆறேன். கல்கத்தா போஸ்டிங்ல இருந்தப்ப ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட்ல பழைய எல்.பி. ரெக்கார்டுகளா தேடித் தேடி வாங்கினேன். பிராம்ஸ் எழுதின சிம்பொனி மொத்தமே நாலு. நாலும் எங்கிட்ட இருக்கு. என் பசங்களுக்கு இதுல இஷ்டமில்லை. நீ நாலையும் கேளு. உனக்கு ரொம்பப் பிடிச்சது எதுன்னு காரணத்தோட சொல்லு. அந்த எல்.பி. உனக்கு."

"மத்த மூணு?"

"நாலில் ஒண்ணு சொல்லுன்னுதான் சொன்னேன்."

என்னிடம் ரெக்கார்டு பிளேயர் கிடையாது. நாலு சிம்பொனியையும் செல்போனில் சும்மாவே கேட்கலாம். ஆனாலும் ஓசியில் ஒன்று வருகிறது என்றால் விடலாமா? சரி என்றேன். மே மாதத்தின் முதல் நாலு வெள்ளிக்கிழமைகள், வாரத்துக்கு ஒன்று. ஐந்தாவது வெள்ளி, 30-ஆம் தேதி, அவருக்குக் கடைசி வேலை நாள். அன்று தீர்ப்பு.

அரசு ஊழியன் அல்லவா, முதல் வேலையாக ஒரு நோட்டில் கட்டம் போட்டேன். ஆரம்பம் 25, ராகம் 25, தூக்கம் வராமை 25, முடிவு 25. ஆக மொத்தம் நூறு.

முதல் வெள்ளி: இருபது வருஷ ஃபைல்

யோஹான்னஸ் பிராம்ஸ் 1833-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுக நகரத்தில் பிறந்தவர். அப்பா டபுள் பாஸ் வாசிக்கும் சாதாரண வாத்தியக்காரர். கைக்கும் வாய்க்குமான பிழைப்பு.

1853-ல், இருபது வயசில், பையன் போய் ராபர்ட் ஷூமன் வீட்டுக் கதவைத் தட்டினான். ஷூமன் அப்போதே பெரிய இசையமைப்பாளர். பையன் பியானோவில் வாசித்துக் காட்டியதைக் கேட்டு அசந்துபோய், அதே அக்டோபரில் ஒரு பத்திரிகையில் கட்டுரையே எழுதிவிட்டார். காலம் காத்துக்கொண்டிருந்த ஆள் இதோ வந்துவிட்டான் என்கிற ரீதியில்.

இருபது வயசுப் பையனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா? எங்கள் வீட்டில் நான் ஆறாவது படிக்கும்போதே "இவன் கலெக்டர் ஆவான்" என்று ஊரெல்லாம் சொல்லிவைத்தார்கள். விளைவு, எல்.டி.ஸி.யாக உங்கள் முன்னால் நிற்கிறேன்.

அடுத்த பிப்ரவரியில் ஷூமன் மனநிலை குலைந்து ரைன் நதியில் குதித்தார். காப்பாற்றினார்கள். ஆனால் 1856-ல் மனநல விடுதியிலேயே இறந்துபோனார். மனைவி கிளாரா பியானோ மேதை. ஏழு குழந்தைகள். அந்தக் குடும்பத்துக்குத் துணையாக நின்றது பிராம்ஸ்தான். கிளாரா அவரைவிட 14 வயது மூத்தவர். காதல் இருந்தது. கல்யாணம் நடக்கவில்லை. பிராம்ஸ் கடைசி வரை பிரம்மச்சாரி.

எழுதப் போகிற சிம்பொனிக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது. அதன் பெயர் பீத்தோவன். 1827-லேயே போய்ச் சேர்ந்துவிட்டாலும், அவருடைய ஒன்பது சிம்பொனிகளும் அப்படியே மலை மாதிரி நின்றன. அந்த மாதிரி ஒரு ராட்சசன் பின்னாலேயே நடந்து வரும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தால் எழுதுகிறவனுக்கு எப்படி இருக்கும் என்று பிராம்ஸ் ஒரு நண்பரிடம் புலம்பியிருக்கிறார். 

1850-களில் ஆரம்பித்த யோசனை. நடுவில் 1859-ல் லைப்ஸிக் நகரில் அவருடைய முதல் பியானோ கான்செர்ட்டோவை அவரே வாசித்தபோது, கடைசியில் மூன்று பேர் கைதட்டப் பார்த்தார்கள். உடனே சுற்றிலும் 'ஸ்ஸ்ஸ்' என்று சீறல். 1862-ல் சிம்பொனியின் முதல் பகுதியை மட்டும் எழுதி கிளாராவுக்கு அனுப்பினார். அப்புறம் ஃபைல் நகரவில்லை. அதே சமயம் மனிதர் சும்மாவும் இருக்கவில்லை. எழுதுவார், பிடிக்காது, கிழிப்பார். சுமார் இருபது நால்வர் இசைப் படைப்புகளைக் குப்பையில் போட்டதாக அவரே சொன்னது உண்டு.

கடைசியில் 1876 நவம்பர் 4-ந் தேதி கார்ல்ஸ்ரூ என்ற சின்ன ஊரில் அரங்கேற்றம். கண்டக்டர் (டிக்கெட் கொடுப்பவர் அல்ல, குச்சி ஆட்டுபவர்) ஓட்டோ டெஸ்ஸாஃப், பழைய நண்பர். பிராம்ஸுக்கு அப்போது வயசு 43.

ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். எடுத்த எடுப்பிலேயே டிம்பனி முரசு 'தம் தம் தம்' என்று விடாமல் அடிக்கிறது. அதன் மேல் வயலின்கள் மேலே ஏறப் பார்க்கின்றன. முக்கால் மணி நேரப் போராட்டம். நாலாவது பகுதியில் ஹார்னில் ஒரு ராகம் வருகிறது பாருங்கள், மேகம் விலகி மலை தெரிகிற மாதிரி! 1868-ல் சுவிட்ஸர்லாந்து மலையில் கேட்ட மெட்டை, கிளாராவின் பிறந்தநாளுக்கு வாழ்த்தாக எழுதி அனுப்பியிருந்தார். எட்டு வருஷம் கழித்து அதையே இங்கே வைத்துவிட்டார். அது வரை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த டிரம்போன்காரர்களும் அப்போதுதான் ஆரம்பிக்கிறார்கள். (மூன்று பகுதி முழுக்கச் சும்மா உட்கார்ந்து சம்பளம். எங்கள் ஆபீஸிலும் இரண்டு டிரம்போன்கள் உண்டு.) முடிவில் வெற்றி முழக்கம்.

அந்தப் பெரிய மெட்டு பீத்தோவனின் ஒன்பதாவது போல இருக்கிறதே என்று யாரோ சொன்னதற்கு, அது எந்தக் கழுதைக்கும் தெரியுமே என்று பிராம்ஸ் எரிந்து விழுந்தாராம்.

மார்க் 88.

திங்கட்கிழமை ஸாரிடம் உணர்ச்சிவசப்பட்டேன். "இதுதான் ஸார் என் சிம்பொனி! நானும் மூணு வருஷமா டிபார்ட்மென்டல் பரீட்சையைத் தள்ளிப்போட்டுக்கிட்டே இருக்கேன். பிராம்ஸ் மாதிரியே!"

கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அவர் தள்ளிப்போட்டப்ப தினமும் எழுதிக் கிழிச்சார். நீ என்ன கிழிச்சே?"

இரண்டாம் வெள்ளி: லீவில் எழுதினது

முதல் சிம்பொனிக்கு இருபது வருஷம். இரண்டாவதற்கு எவ்வளவு? ஒரே ஒரு கோடை விடுமுறை!

பிராம்ஸுக்கு ஒரு பழக்கம். குளிர்காலத்தில் வியன்னாவில் கச்சேரி, அச்சு வேலை, நண்பர்கள். கோடை வந்தால் மலைக்கோ ஏரிக்கரைக்கோ போய்விடுவார். எழுதுவதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான். லீவு போட்டு வேலை செய்த ஒரே மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

1877 கோடையில் ஆஸ்திரியாவின் பெர்ட்ஷாக் என்ற ஏரிக்கரை கிராமம். அங்கே மெட்டுகள் காற்றில் பறந்து திரிகின்றன, காலில் மிதிபடாமல் நடக்க வேண்டியிருக்கிறது என்கிற மாதிரி ஒரு நண்பருக்கு எழுதினார். மனசில் இருந்த பாரம் இறங்கின பிறகு பிறந்த இசை. கேட்டால் வெயிலும் தண்ணீருமாக இருக்கிறது. அதே வருஷம் டிசம்பர் 30-ல் வியன்னாவில் ஹான்ஸ் ரிக்டர் நடத்தி அரங்கேற்றம்.

மனிதருக்குக் குசும்பும் உண்டு. பதிப்பாளருக்கு என்ன எழுதினார் தெரியுமா? இதைவிடச் சோகமாக நான் எழுதினதே இல்லை, கருப்பு பார்டர் போட்டுத்தான் அச்சடிக்க வேண்டும் என்று! கருமாதிப் பத்திரிகை என்று நினைத்துப் பிரித்தவருக்கு உள்ளே கல்யாண விருந்து.

முடிவில் எக்காளமும் டிரம்போனும் சேர்ந்து பட்டாசு. ரயிலில் கேட்டுக்கொண்டிருந்த நான் கையைத் தூக்கிவிட்டேன். எதிர் சீட்டுக்காரர் வணக்கம் சொன்னார்.

மார்க் 84.

"முழுக்க சந்தோஷம்தான் ஸார்" என்றேன்.

"முதல் பகுதியில, ஆரம்பிச்சுக் கொஞ்ச நேரத்துல, டிரம்போன் ரொம்ப மெதுவா ஒண்ணு சொல்லுமே, அது?"

கவனிக்கவில்லை. திரும்பக் கேட்டேன். இருக்கிறது. வெயிலில் நடக்கும்போது சட்டென்று ஒரு மேக நிழல் கடக்குமே, அந்த மாதிரி. அது ஏன் என்று ஒருவர் கேட்டதற்கு, நான் அடிப்படையில் சோகமான ஆசாமி என்று பிராம்ஸ் பதில் எழுதியிருக்கிறார். கருப்பு பார்டர் முழுக்க ஜோக் இல்லை போலிருக்கிறது.

மூன்றாம் வெள்ளி: நெட் போச்சா?

1883 கோடை, வீஸ்பாடன் நகரம். பிராம்ஸுக்கு ஐம்பது வயசு. பெயர், பணம், தாடி எல்லாம் வந்துவிட்டது. மூன்றாவது சிம்பொனி அங்கே எழுதினது. நாலில் இதுதான் குட்டை. சுமார் முப்பத்தைந்து நிமிஷம்.

ஆரம்பமே அதிரடி. இரண்டு மூன்று பெரிய முழக்கம். அப்புறம் வயலின்கள் மேலிருந்து அருவி மாதிரி கொட்டுகின்றன. ஆஹா என்று 23 மார்க் போட்டேன்.

மூன்றாவது பகுதியில் செல்லோவில் ஒரு ராகம் வருகிறது. கேட்டால் 'இதை எங்கேயோ கேட்டிருக்கோமே' என்பீர்கள். 1961-ல் இங்க்ரிட் பெர்க்மன் நடித்த 'குட்பை அகெய்ன்' படம் முழுக்க இதுதான். 1999-ல் கிதார் ஸான்டானாவும் ஒரு காதல் பாட்டுக்கு இதை எடுத்துக்கொண்டார். உருக்கம் என்றால் அழுகை இல்லை. அழுது முடித்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தவன் பேசுகிற மாதிரி. 25-க்கு 25.

நாலாவது பகுதி முணுமுணுவென்று ஆரம்பித்துப் புயலாகிறது. சண்டை, இடி, மின்னல். சரி, முதல் சிம்பொனி மாதிரி ஒரு வெற்றி முழக்கம் வரப்போகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். வரவில்லை. சத்தம் குறைந்தது. இன்னும் குறைந்தது. அப்புறம் ஒன்றுமே இல்லை.

நெட் போய்விட்டதோ என்று போனை இரண்டு தட்டு தட்டினேன். நெட் இருந்தது. சிம்பொனிதான் முடிந்துவிட்டது!

விசாரித்தால், இதன் நாலு பகுதியுமே மெதுவாகத்தான் முடிகின்றன. கைதட்டலை அள்ளிக்கொண்டு போகிற முடிவு இல்லாததால், கச்சேரியில் இதைக் கடைசி ஐட்டமாக வைக்கவே பல கண்டக்டர்கள் யோசிப்பார்கள்.

முடிவுக்கு 8 மார்க். மொத்தம் 76. ஸாரிடம் சொன்னேன். ஒன்றும் சொல்லவில்லை. ஃபைலில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே "ம்" என்றார்.

நாலாம் வெள்ளி: எட்டே சுரம்

நாலாவது, ம்யூர்ட்ஸுஷ்லாக் என்ற ஆஸ்திரிய ஊரில் 1884, 1885 இரண்டு கோடைகளில் எழுதினது. (ஊர் பேரைச் சொல்வதற்கே எனக்கு ஒரு கோடை ஆனது.) அங்கே ஒரு நாள் அவர் தங்கியிருந்த வீட்டில் தச்சுப் பட்டறை தீப்பிடித்துக்கொள்ள, பிராம்ஸ் கோட்டைக் கூடப் போடாமல் தண்ணீர் வாளி தூக்க ஓடினாராம். மாடியில் கிடந்த சிம்பொனிக் காகிதங்களை ஒரு நண்பர்தான் காப்பாற்றினார்.

வியன்னாவில் நண்பர்களுக்கு மட்டும் முதலில் இரண்டு பியானோவில் வாசித்துக் காட்டினார்கள். முதல் பகுதி முடிந்தது. ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் பக்கம் புரட்டிக்கொண்டிருந்த விமர்சகர் ஹான்ஸ்லிக், பயங்கர புத்திசாலிகள் இரண்டு பேர் சேர்ந்து என்னை உதைத்த மாதிரி இருக்கிறது என்றார். அவர் பிராம்ஸின் ஆதரவாளர்! இன்னொரு நண்பர் மூன்றாவது பகுதியைத் தூக்கிவிடுங்கள் என்று யோசனை சொன்னார். நாற்பத்து மூணு வயசு பிராம்ஸாக இருந்தால் மொத்தத்தையும் கிழித்திருப்பார். இவர் ஒரு பகுதியைக் கூடத் தூக்கவில்லை. 1885 அக்டோபர் 25-ல் மைனிங்கன் நகரில் தானே நடத்தினார். ஜெயித்தது.

கடைசிப் பகுதி இருக்கிறதே! எட்டு சுரம் கொண்ட ஒரு அடி. பாக் எழுதிய ஒரு பழைய சர்ச் இசையிலிருந்து எடுத்து, ஒரு சுரத்தை மட்டும் கூட்டிக்கொண்டார். அதையே முப்பது தடவை, முப்பது விதமாக. ஒரு தடவை முழக்கம், ஒரு தடவை புல்லாங்குழல் மட்டும் தனியாக அழுகிறது. எட்டு சுரக் கம்பியைச் சுற்றி முப்பது கொடி. முடிவு இரக்கமில்லாத இடி.

1897 மார்ச் 7-ல் வியன்னாவில் இதை வாசித்தார்கள். பிராம்ஸ் வந்திருந்தார். நோய் முற்றி, உடம்பு கரைந்து, முகம் மஞ்சளித்து. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கூட்டம் அவர் பக்கம் திரும்பிக் கைதட்டியது. கடைசியில் கைதட்டல் நிற்கவே இல்லை. அவர் எழுந்து நின்றார், கன்னத்தில் கண்ணீர். 27 நாள் கழித்து, ஏப்ரல் 3-ல் இறந்துபோனார்.

மார்க் 96. முடிந்தது கதை. எல்.பி. நாலாவதுதான் என்று நோட்டை மூடினேன்.

ஐந்தாம் வெள்ளி

மூடினேனே தவிர, அந்த வாரம் முழுக்க வாயில் முனகியது 76 மார்க்தான். குளிக்கும்போது அந்த செல்லோ ராகம். சோறு சாப்பிடும்போது அந்த செல்லோ ராகம். வியாழன் ராத்திரி எழுந்து மூன்றாவதை மறுபடி போட்டேன். இந்தத் தடவை முடிவில் போனைத் தட்டவில்லை. காதைக் கொடுத்தேன்.

அப்போதுதான் பிடிபட்டது. ஆரம்பத்தில் அருவியாகக் கொட்டியதே, அதே ராகம்தான் கடைசியில் வருகிறது. சத்தம் மட்டும் இல்லை. வயலின்கள் நடுங்க நடுங்க, இலை இலையாக உதிர்கிற மாதிரி இறங்கி, தரையைத் தொட்டு நிற்கிறது. மனிதர் முதல் சிம்பொனியில் ஜெயித்ததை உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. பின்னால் ராட்சசன் வந்துகொண்டிருந்தான். இங்கே யாரும் வரவில்லை. யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டாம். சண்டை எல்லாம் போட்டு முடித்துவிட்டு, விளக்கை அணைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு போகிறார்.

இத்தனைக்கும் வியன்னாவில் 1883 டிசம்பர் 2-ல் அரங்கேறியபோது, வாக்னர் கோஷ்டி ஆட்கள் சிலர் வந்து உட்கார்ந்து சீறினார்கள். லைப்ஸிக்கில் கேட்ட அதே 'ஸ்ஸ்ஸ்'. மற்றவர்களின் கைதட்டல் அதை அமுக்கிவிட்டது. இரண்டுக்கும் இடமில்லாத மாதிரிதான் அவர் அந்த முடிவை எழுதி வைத்திருந்தார்.

நோட்டை எடுத்து, முடிவுக்குப் போட்ட 8-ஐ அடித்தேன். வேறு என்ன போடுவது என்று தெரியவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டேன்.

மே 30. எங்கள் ஆபீஸில் ரிடையர்மென்ட் என்றால் சந்தன மாலை, சால்வை, 'அன்னார் ஆற்றிய பணி' என்று நாலு மைக் முழக்கம், மிக்சர். ஸார் எதுவும் வேண்டாம் என்று முன்பே எழுதிக் கொடுத்துவிட்டார். ஐந்தே முக்காலுக்கு டிராயரைக் காலி செய்துகொண்டிருந்தார். ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒரு குடை, சீட் மேல் போடும் துண்டு. பக்கத்தில் துணிப்பையில் நாலு எல்.பி.

"சொல்லு."

"மூணாவது ஸார்."

கை நின்றது. "எழுபத்தாறு மார்க்னே?"

"மார்க் போட்டது தப்பு ஸார். முடிவு வரலைன்னு நினைச்சேன். அது வந்துதான் இருந்தது. எனக்குத்தான் கேக்கலை."

ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தார். முதலாவது. இரண்டாவது. நாலாவது. அப்புறம் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"இந்த மூணையும் நீயே எடுத்துக்கோ. வேற எதைக் கேட்டிருந்தாலும் கண்ணை மூடிண்டு குடுத்திருப்பேன். இதை மட்டும்... மனசு வரலைப்பா."

"ஸார், ரூல்ஸ்படி..."

"மூணாவதைக் கேக்கணும்னா வீட்டுக்கு வா. ரெண்டாவது சனிக்கிழமை. வரப்ப பரீட்சை அப்ளிகேஷன் போட்ட ரசீதையும் எடுத்துண்டு வா."

குடையை எடுத்துக்கொண்டார். செக்ஷன் விளக்கை அவரே அணைத்தார். போய்விட்டார்.

ரசீதோடு போனேன். மொட்டைமாடி ரூம், பழைய பிளேயர், ஒரு மூங்கில் நாற்காலி, எனக்கு ஒரு ஸ்டூல். ஊசியை வைத்தார். முப்பத்தைந்து நிமிஷம் இரண்டு பேரும் பேசவில்லை. கடைசியில் அந்த இலைகள் உதிர்ந்து முடிந்தன. ஊசி மட்டும் கரகரவென்று சுற்றிக்கொண்டிருந்தது. எழுந்து அதை எடுக்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

கீழேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

"என்ன, சத்தத்தையே காணோம்? கரன்ட் போயிடுத்தா?"